எட்டுப் பெயரும் ஒரு கைப்பையும்

கேள்வி: ‘ஓச்சோ அபெயீதோஸ் வாஸ்கோஸ்’ (எட்டு பாஸ்க் குடும்பப் பெயர்கள்) என்ற ஸ்பானியப் படத்தை மகளோடு பார்த்தேன். ஹீரோ சொல்கிற ஊர் பொய், பெயர் பொய், அம்மாகூட செட்டப். இந்த ஃபிராடைக் காதலன் என்று எப்படி ஏற்பது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பொய்யை ஆரம்பித்தது அவன் இல்லம்மா, அந்தப் பெண். படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பெயினின் தெற்கே செவீயா நகரத்துக்காரன் ராஃபா. வடக்கே, தனி மொழி பேசும் பாஸ்க் பகுதிப் பெண் அமாயா, அவன் வீட்டில் கைப்பையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறாள். ‘நம்ம மேல ஆசை, அதான் விட்டுட்டுப் போயிருக்கா’ என்று இவனாகக் கணக்குப் போட்டுப் பையோடு கிளம்புகிறான். அங்கே போனால் அவளுக்கு வேறு தலைவலி. நிச்சயித்த மாப்பிள்ளை கழன்றுகொண்டான். அது தெரியாமல் அப்பா கோல்டோ கல்யாணத்துக்கு வந்து நிற்கிறார். ‘நீதான் மாப்பிள்ளைன்னு நடி’ என்று இவனைப் பிடித்துத் தள்ளுகிறாள்.

எனக்கு ராஃபா மேல் வேறு கோபம். அவன் கிளம்பியதில் பாதி வீம்பு. அது காதலாக மாறுகிற இடத்தைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது.

ஆனால் அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. தாத்தா பாட்டி நால்வருக்கும் சேர்த்தால் எட்டு. எட்டும் பாஸ்க் பெயராக இருந்தால்தான் அசல் பாஸ்க்காரன் என்பது கோல்டோவின் கணக்கு. மாட்டிக்கொண்ட ராஃபா, வாய்க்கு வந்த பிரபலங்களின் பெயர்களை எடுத்து விடுகிறான். சுபிசாரெத்தா என்கிறான், அவர் ஸ்பெயினின் பழைய கோல்கீப்பர். கிளெமெந்தே என்கிறான், அவர் கால்பந்து கோச். வியாசர்பாடிப் பையன்கள் பார்த்தால் விசில் அடிப்பார்கள்.

நம் ஊரில் எட்டுப் பெயர் கேட்க மாட்டார்கள். ‘சொந்த ஊர் எது தம்பி?’ என்ற ஒரே கேள்வியில் எட்டையும் வாங்கிவிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வியாசர்பாடி என்று சொல்லாமல் ‘பெரம்பூர் பக்கம்’ என்று இழுத்த பையனை எனக்கே தெரியும். அவனை ஃபிராடு என்பீர்களா? எதிரே சோபாவில் உட்கார்ந்து கேட்டவரையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா?

கேள்வி: மீன்பிடிக்கிற அப்பாவை ஏமாளியாகக் காட்டியிருக்கிறார்களே, நியாயமா?
– வாசகர், காசிமேடு

பதில்: ஏமாளி மாதிரித் தெரியும் அண்ணே. ஆனால் அந்த ஆள் வருஷக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராதவர். நம்ம விசைப்படகு அப்பாக்களாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வீட்டோடு இருப்பார்கள். வலை பின்னிக்கொண்டே மகள் முகம் வாடுவதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கோல்டோவுக்கு அந்த 61 நாள்கூட இல்லை. மகளிடம் கெட்ட பெயர் வாங்கிய மனுஷன் அவளைத் திருப்திப்படுத்தத்தான் கண்ணை மூடிக்கொள்கிறார் என்று எனக்குப் படுகிறது. நடித்த காரா எலெஹால்தேவுக்குச் சிறந்த துணை நடிகருக்கான கோயா விருது, அதாவது ஸ்பெயினின் பெரிய சினிமா விருது, சும்மா கிடைக்கவில்லை.

கேள்வி: சாதாரண ஆள்மாறாட்டக் காமெடி. அங்கே ஏன் அப்படி ஓடியது?
– வாசகர், ராயபுரம்

பதில்: நேரம். பாஸ்க் பகுதிக்குத் தனி நாடு கேட்டு ஆயுதம் எடுத்த ‘எட்டா’ (ETA) அமைப்பு 2011 அக்டோபரில்தான் சண்டையை நிறுத்துவதாக அறிவித்தது. படம் வந்தது 2014 மார்ச்சில். அதுவரை பாஸ்க்காரர்களைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்ன ஜோக்கை ஊரே சேர்ந்து சத்தமாகச் சிரித்தது. எழுதிய கோபெயாகா, சான் ஹோசே இருவரும் பாஸ்க் டிவி காமெடியில் இதையே செய்து கை பழகியவர்கள். ஸ்பெயினில் மட்டும் 5.5 கோடி யூரோவுக்கு மேல் வசூல்.

கேள்வி: இரண்டாம் பாகம் பார்க்கலாமா?
– அதே வாசகர்

பதில்: 2015-ல் வந்தது, இந்த முறை ஸ்பெயினின் இன்னொரு பகுதியான கத்தலோனியாக்காரர்கள். கோல்டோ வரும் காட்சிகளை மட்டும் பாருங்கள், போதும்.