பூனைக்குக் காமாலை: பத்தியம் கிடையாது

நான் டாக்டர் இல்லை. வீடு வேலூர் சத்துவாச்சாரி. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் வெளியூர் போனோம். பக்கத்து வீட்டார் வைத்த சாப்பாட்டை எங்கள் பூனை குண்டன் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது காதெல்லாம் மஞ்சள். ஈரலில் கொழுப்பு படிந்துவிட்டது என்றார் டாக்டர். குழாய் வழியாக ஊட்டித்தான் பிழைக்க வைத்தேன். கேட்டவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

காட்பாடி: வீடு மாறினதிலிருந்து மூணு நாளா ஒண்ணும் தின்னலை. ஆறு கிலோ இருக்கும். பசிச்சா தானா சாப்பிடும்னு விட்டுடலாமா?

விடாதீங்க தம்பி. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் வந்து சேர ஆரம்பிக்கும். அதை வெளியே அனுப்ப ஈரலுக்குப் புரதம் வேண்டும், வயிறுதான் காலியாச்சே. அடைத்துக்கொண்டதும் குமட்டும், குமட்டினால் இன்னும் தின்னாது. காதின் உள்பக்கம், ஈறு, மேல்வாய் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பாருங்க. நான் டியூப்லைட்டில் பார்த்து ஒரு நாளைக் கோட்டை விட்டேன். மஞ்சள் தெரியாவிட்டாலும் இன்றைக்கே டாக்டரிடம் போங்க. கணையம், குடல் என்று வேறு நோயாலும் சாப்பாட்டை நிறுத்தியிருக்கலாம். ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால்தான் தெரியும்.

குடியாத்தம்: அம்மா கீழாநெல்லி அரைச்சு மோர்ல கொடுக்கச் சொல்றாங்க. கறி, மீனை நிறுத்திட்டு மோர் சாதம் மட்டும் கொடுத்தா போதுமா?

காமாலை என்றதும் நம் ஊரில் எல்லோர் வாயிலும் வருவது இதுதான். எங்கள் மாமியாரும் சொன்னார். ஆனால் பூனை கறி தின்னவே பிறந்தது. அர்ஜினின் என்ற புரதச்சத்து இல்லாமல் அதன் ஈரலால் அம்மோனியாவைக் கழிக்க முடியாது. பத்தியம் வைத்தால் பட்டினியை நாமே நீட்டுகிற மாதிரி. டாக்டர் தனியாகச் சொன்னாலொழிய புரதத்தைக் குறைக்காதீங்க. கீழாநெல்லியும் வேண்டாம், வாயில் கசப்பைத் திணித்தால் அப்புறம் கிண்ணத்தைக் கண்டாலே ஓடும்.

ஆற்காடு: கழுத்துல குழாய் வைக்கணும்கிறாங்க. பாவமா இருக்கு அக்கா, சிரிஞ்சுல வாய் வழியா கொடுக்கக் கூடாதா?

எனக்கும் முதல் நாள் கை நடுங்கியது. ஆனால் தினம் பிடித்து அமுக்கி வாயில் ஊற்றுவதுதான் பெரிய பாவம், புரையேறவும் செய்யும். குழாய் இருந்தால் அது பாட்டுக்கு மடியில் படுத்திருக்கும், மருந்தும் அதிலேயே போகும்.

நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி. முதல் நாள் அதில் கால் பங்குதான். மூன்று நான்கு நாளில் ஏற்றுவார்கள். பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் சரிந்துவிடும். டாக்டர் எழுதிய டின் உணவை வெதுவெதுப்பான நீர் விட்டு மிக்சியில் அடித்து, டீ வடிகட்டியில் வடிகட்டுவேன். கட்டி இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், மெதுவாக. முடிந்ததும் 5 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவணும். நம் வேலூர் வெயிலில் அரைத்ததை வெளியே வைக்காதீங்க, மதியத்துக்குள் நாறிவிடும். குழாய் போட்ட இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ உடனே காட்டணும்.

ராணிப்பேட்டை: உடம்பு சுடுது. பாராசிட்டமால் கால் மாத்திரை?

கூடவே கூடாது. பூனைக்கு அது விஷம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டுக் கிளம்புங்க.

ஆம்பூர்: வீட்டில் குழந்தை இருக்கு, தொத்துமா?

ஈரலில் கொழுப்பு படிவது தொற்றாது. கை கழுவினால் போதும்.

வாலாஜா: எச்சில் ஒழுகுது, சுவரில் தலையை முட்டிக்கிட்டு நிக்குது. எத்தனை நாளில் சரியாகும்?

எச்சில் குமட்டலாலும் வரும். ஆனால் சுவரில் தலையை அழுத்துவது அம்மோனியா மூளையைத் தொட்ட அறிகுறி, ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்க. பக்கத்தில் வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நாள் கணக்கு கேட்டால், வாரக்கணக்கு என்றே மனதில் வையுங்க. குண்டன் 38 நாள் குழாயில் இருந்தான். ஒரு நாள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன், பின்னால் வந்து ஒரு தலையைத் திருடித் தின்றான். திட்டவே மனசு வரலை. அப்புறமும் ஒரு வாரம் தானாகச் சாப்பிட்டு, எடை குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் டாக்டர் குழாயை எடுத்தார்.