ஒன்றரை ஏக்கர் தேயிலையும் மூன்று நிமிட இசையும்

போன சனிக்கிழமை கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா மகளோடு குன்னூர் வந்து என்னைப் பார்த்தார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், அடுத்து எதில் சேர்ப்பது என்று கேட்க வந்திருந்தார்கள். கையில் மஞ்சள் பை. அதற்குள் மதிப்பெண் பட்டியலோடு தோட்டத்துப் பட்டாவும் இருந்தது. கோவையில் இருக்கும் சித்தப்பா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசிவைத்திருக்கிறார். ஒன்றரை ஏக்கர் தேயிலையை அடமானம் வைத்தால் முதல் வருடப் பணம் தேறிவிடும். "இவ என்னடான்னா மியூசிக் போடணும்னு நிக்கிறா. பாட்டுகூட இல்லைங்க, வெறும் மியூசிக்" என்றார்.

அம்மா, அன்று நீங்கள் கண் கலங்கியதும் "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. இப்போது நேராகவே சொல்கிறேன்: பட்டாவை அடமானம் வைக்காதீர்கள்.

பசுந்தேயிலை விலை எந்த மாதம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் வட்டி மாதாமாதம் வரும். முதல் வருடப் பணம் கட்டியபின் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. கணக்கும் கோடிங்கும் வேண்டாம் என்று உங்கள் முன்னாலேயே சொன்ன பெண்ணை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால், அரியர் பேப்பருக்கும் சேர்த்துத்தான் கடன் அடைப்பீர்கள். சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது.

'வெறும் மியூசிக்' என்றீர்களே. உங்கள் ஊருக்குப் பெயர் தந்த கோத்தர் பழங்குடியினரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஊதும் குழலுக்கு வார்த்தை தேவையில்லை. சாமிக்கு ஒரு வகை மெட்டு, ஆட்டத்துக்கு ஒன்று, சாவுக்கு வேறு. அந்தக் காலத்தில் படுகர் சாவு வீடுகளிலும் அவர்கள்தான் வாசித்தார்கள். தூரத்தில் கேட்டாலே அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். வார்த்தையில்லாத இசை கதை சொல்வது இந்த மலைக்குப் புதிதில்லை.

நீங்கள் டீ குடிக்க வெளியே போனபோது உங்கள் மகள் தன் போனில் மூன்று நிமிட இசை ஒன்றைப் போட்டுக்காட்டினாள். பாட்டி காலையில் கொழுந்து பறிக்கப் போகிறார், மூடுபனிக்குள் காட்டெருமை நிற்கிறது, பாட்டி அசையாமல் நிற்கிறார், அது திரும்பிப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. பழைய கீபோர்டில் தாழ்ந்த சுரம் ஒன்றே ஒன்று நீண்டுகொண்டே வந்தது. எருமை தலையைத் தூக்கும் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் டிரம்ஸை உருட்டியிருப்பார்கள். இவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். இரண்டு விநாடி எதுவுமே இல்லை. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எங்கே வாசிக்கக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம், அம்மா. அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இல்லாதது கணக்கு. இது அவள் பயப்படாத கணக்கு. எருமை தலை தூக்குவது 40-வது விநாடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் போனால் அந்த இடத்தில் 53 தட்டும் இன்னும் கொஞ்சமும் ஆகியிருக்கும். தாளம் நடுவில் தொங்கும். வேகத்தை 78 ஆக்கினால் சரியாக 52 தட்டு, அதாவது நான்கு நான்காக 13 சுற்று. அடுத்த சுற்றின் முதல் தட்டு விழும் இடத்தில் எருமை தலை தூக்கும். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் உடம்புக்குத் தெரியும். சினிமாக்காரர்கள் ஆர்.ஆர். என்று சொல்லும் பின்னணி இசை வேலையில் பாதி இதுதான். எந்த இடத்தில் இசை தொடங்க வேண்டும், எங்கே வசனத்துக்கு வழிவிட வேண்டும் என்று இயக்குநரோடு உட்கார்ந்து குறிப்பது, வேகத்தைக் காட்டும் கிளிக் சத்தம் போடுவது, கீபோர்டில் புரோகிராம் செய்வது, வயலின்காரர் வாசிக்க நொட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, எழுதுவது எல்லாம் இதற்குள் வரும். குறும்படம், ஆவணப்படம், விளம்பரம், வீடியோ கேம் என்று பாட்டே இல்லாத இடங்களிலும் இந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

பட்டம் வேண்டும் என்கிறீர்கள், அது நியாயமான கவலை. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பொறியியலில் நான்கு வருட இளங்கலைப் படிப்பு உண்டு, காட்சிக்கலைப் பட்டம். அரசு நிறுவனம், அடமானம் கேட்கும் கட்டணம் இல்லை. அது இசையமைப்புப் படிப்பு அல்ல, ஒலிப் படிப்பு. அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. மைக், மிக்ஸிங், படத்தோடு ஒலியைச் சேர்ப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டால் இசையில் வாய்ப்பு தாமதமானாலும் ஒலிப்பதிவில் சம்பாதிக்கலாம். அதே வளாகத்தில் இயக்கம், படத்தொகுப்பு படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய படங்களுக்கு இசை வேண்டும். இடங்கள் குறைவு, அதனால் இந்த வருட அறிவிப்பில் என்ன தகுதி கேட்கிறார்கள் என்று வரி விடாமல் படியுங்கள்.

கிடைக்காவிட்டால்? கோத்தகிரிப் பக்கமே ஏதாவது ஒரு கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் ஒரு பட்டம் படிக்கட்டும், மாலையில் இசை. இலட்சக்கணக்கில் வாங்கும் தனியார் மியூசிக் புரொடக்‌ஷன் படிப்புக்கு மட்டும் கடன் வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே கண்டிப்போடு இதையும் சொல்கிறேன்.

இப்போதைக்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர் இலவசம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் கீபோர்டு போதும், ஒரு நல்ல ஹெட்போன் மட்டும் வாங்கிக்கொடுங்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை. கண்ணு, பெயர் போடாமல் யாருக்கும் முழு இசையையும் போட்டுக்கொடுக்காதே. 2012-ல் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தினார்கள். படத்துக்கு நீ போட்ட இசை தியேட்டருக்கு வெளியே, டி.வி. போன்ற இடங்களில் பயன்படும்போது வரும் ராயல்டியில் உனக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். ஆனால் இசை உன்னுடையது என்று காகிதத்தில் இருந்தால்தான் இதையெல்லாம் சுலபமாகக் கேட்டு வாங்கலாம். எவ்வளவு சின்னக் குறும்படமாக இருந்தாலும் எழுதி வாங்கு.

அம்மா, இதில் சீக்கிரம் பணம் வரும் என்று நான் சொல்லவில்லை. பல வருடம் இன்னொரு இசையமைப்பாளருக்குக் கீழே கீபோர்டு புரோகிராமராக உட்கார வேண்டிவரும். தோட்டம் கையில் இருந்தால் அந்த வருடங்களைத் தாங்கலாம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வாருங்கள். அதற்குள் அவள் இன்னும் இரண்டு கதைக்கு இசை போட்டுவைக்கட்டும். சித்தப்பாவையும் அழைத்து வாருங்கள், அந்த மூன்று நிமிடத்தை அவருக்கு நானே போட்டுக்காட்டுகிறேன். பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.