கதவிலிருந்து நாற்காலி வரை: ஐண்ட்ஹோவனில் காரா, பஸ்ஸா, சைக்கிளா?

கோயம்புத்தூரிலிருந்து அடுத்த மாதம் நெதர்லாந்துக்கு வரப்போகும் ஒரு தங்கை இப்படிக் கேட்டிருந்தார்: "அக்கா, எனக்கு வேலை வெல்ட்ஹோவனில். ஐண்ட்ஹோவனில் ஸ்ட்ரைப் பக்கம் வீடு பார்த்திருக்கிறோம். ஏழு கிலோமீட்டர் தூரம். வரைபடத்தில் காருக்கு 15 நிமிடம், சைக்கிளுக்கு 25, பஸ்ஸுக்கு 31 என்று காட்டுகிறது. ஐந்து வயதில் மகன் இருக்கிறான். வந்தவுடன் கார் வாங்கிவிடலாமா? நான் கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது ப்ளஸ் டூ படிக்கும்போது. பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள்."

தங்கச்சி, வந்தவுடன் கார் வாங்க வேண்டாம். முதலில் சைக்கிள் வாங்குங்கள். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு காரைப் பற்றி யோசிக்கலாம். நானும் அதே ஸ்ட்ரைப் பக்கத்திலிருந்து வெல்ட்ஹோவனுக்கு ஒன்பது வருடமாகப் போய் வருகிறேன். முதல் வருடம் பஸ், அடுத்த இரண்டு வருடம் கார், அதற்குப் பிறகு சைக்கிள். மூன்றிலும் அனுபவப்பட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த அந்த 15, 25, 31 மூன்றுமே பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடம் காருக்கும் சைக்கிளுக்கும் சொல்வது சக்கரம் உருளும் நேரம். உங்களுக்குத் தெரிய வேண்டியது வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து அலுவலக நாற்காலியில் உட்காரும் வரைக்குமான நேரம். கார் வைத்திருந்த கடைசிக் காலத்தில் இரண்டு மாதம் இதை ஒரு சின்ன நோட்டில் எழுதி வந்தேன். ஒரு வாரம் கார், ஒரு வாரம் பஸ், ஒரு வாரம் சைக்கிள் என்று மாற்றி மாற்றிப் போனேன். காருக்கு மிகக் குறைந்த நாளில் 21 நிமிடம், மிக அதிகமான நாளில் 44. பஸ்ஸுக்கு 36 முதல் 52 வரை. சைக்கிளுக்கு 27 முதல் 33 வரை.

அந்த 27-க்கும் 33-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஆறே நிமிடம். காருக்கு அது 23 நிமிடம். ஒன்பது மணிக்கு மீட்டிங் இருந்தால் காரில் போகிறவர் மோசமான நாளை மனதில் வைத்து 8.15-க்குக் கிளம்ப வேண்டும். சைக்கிளில் போகிறவர் 8.25-க்குக் கிளம்பினால் போதும். சாலை காலியாக இருந்தால் காரில் வந்தவர் அலுவலகத்தில் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். அது அவர் வீட்டில் பிள்ளையோடு இருந்திருக்க வேண்டிய நேரம். அதனால் சராசரி நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மோசமான நாளில் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

கார் நேரம் எங்கே போகிறது? தெருவில் இடம் கிடைக்காமல் முந்தின இரவு இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருப்பீர்கள், அங்கே நடக்க வேண்டும். ஜனவரியில் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்ட வேண்டும். அப்புறம் ஐண்ட்ஹோவனைச் சுற்றிப் போகும் ஏ2 நெடுஞ்சாலைப் பக்கம் எட்டு மணிக்கு மேல் வரும் நெரிசல். வெல்ட்ஹோவனில் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது, அதைச் சுற்றி அதற்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகிறார்கள். கடைசியாக, பார்க்கிங் கட்டடத்தில் இடம் தேடி நிறுத்திவிட்டு உங்கள் கட்டடத்துக்கு நடக்கும் ஏழெட்டு நிமிடம். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறவர்களுக்குக் கார்தான் வேகம். உங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும்போது அது முடியாது.

பஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதல் வருடம் முழுக்க என்னைக் கொண்டு போய்ச் சேர்த்தது அதுதான். இந்த ஊரில் பஸ்ஸுக்கென்றே தனிப் பாதை இருக்கிறது. 2016 டிசம்பரிலேயே 43 மின்சார நீளப் பஸ்களை ஓட விட்ட ஊர் இது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. உங்கள் வங்கி அட்டையையே காட்டி ஏறலாம். இறங்கும்போதும் மறக்காமல் காட்டுங்கள், இல்லையென்றால் பணம் கூடுதலாகப் போய்விடும். பஸ் ஓடும் நேரம் குறைவுதான். நிறுத்தத்துக்கு நடப்பது, காத்திருப்பது, இறங்கி மறுபடி நடப்பது, இவைதான் பாதி நேரத்தைத் தின்கின்றன. ஒரு நிமிடம் தாமதமாக நிறுத்தத்துக்கு வந்தால் கால் மணி நேரம் போச்சு.

சைக்கிள் நேரம் மட்டும் ஏன் அசையாமல் நிற்கிறது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. இங்கே சைக்கிளுக்குத் தனிச் சாலை, சிவப்புத் தார் போட்டது. பெரிய சாலைகளைக் கீழாலோ மேலாலோ தாண்டிவிடும். ஸ்ட்ரைப்பிலிருந்து வரும்போது ஹோவன்ரிங்கில் ஏறுவீர்கள். பரபரப்பான நாற்சந்திக்கு மேலே, 70 மீட்டர் உயரமுள்ள ஒற்றைத் தூணிலிருந்து 24 கம்பி வடங்களில் தொங்குகிற வட்டப் பாலம் அது. 72 மீட்டர் விட்டம், சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும். 2012-இல் திறந்தார்கள். கீழே கார்கள் சிக்னலில் நிற்கும், நீங்கள் பெடலை நிறுத்தாமல் மேலே சுற்றிப் போய்விடுவீர்கள். இதெல்லாம் இந்த நாட்டுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்பதால் வந்துவிடவில்லை. 1971-இல் இங்கே சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் பாதைகள் வந்தன. உங்கள் மகன் இன்னும் சில வருடங்களில் தனியாகப் பள்ளிக்குப் போகப்போவது அந்தப் பாதையில்தான்.

ஒரே ஒரு விஷயம் சைக்கிள் நேரத்தை மாற்றும்: காற்று. மலை இல்லாத இந்த ஊரில் மேடு என்றால் காற்றுதான். எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே கடலோர அணை ஒன்றின் மேல் போட்டி நடத்தும் நாடு இது. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வெல்ட்ஹோவன் ஐண்ட்ஹோவனுக்குத் தென்மேற்கில் இருக்கிறது. ஆக, காலையில் முகத்தில் அடிக்கும், சாயங்காலம் முதுகைத் தள்ளிவிடும். என் நோட்டில் 33 என்று இருப்பதெல்லாம் காலை நேரம்.

மழைக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். பாயன்ராடார் என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் தெருவில் எப்போது மழை வரும், எப்போது விடும் என்று ஐந்து நிமிடக் கணக்கில் காட்டும். இங்கே நம்ம ஊர் ஐப்பசி மழை மாதிரி கொட்டுவது அபூர்வம், தூறிவிட்டு நகர்ந்துவிடும். பத்து நிமிடம் முன்னாலோ பின்னாலோ கிளம்பினால் பல நாள் தப்பித்துவிடலாம். தப்பாத நாளுக்கு மழைக் கோட்டோடு மழைக் கால்சட்டையும் வேண்டும். கோட்டு மட்டும் போட்டால் தொடை முழுக்க நனைந்துவிடும். நல்ல கையுறைக்குப் பணம் பார்க்காதீர்கள். சாலை கண்ணாடி மாதிரி உறைந்துவிடும் நாள்கள் வருடத்தில் சில வரும். சைக்கிள் பாதைக்கும் உப்புத் தூவுவார்கள் என்றாலும் அன்றைக்குப் பஸ்ஸில் போங்கள். நான் ஒருமுறை பிடிவாதமாகப் போய் விழுந்து, மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள்.

இனி உங்கள் மகன். கணக்கு உண்மையிலேயே மாறுவது இங்கேதான். நீங்கள் கேட்டது வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு. உங்கள் காலை உண்மையில் வீடு, பள்ளி, அலுவலகம் என்று இருக்கும். பஸ்ஸில் போனால் பள்ளியில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். காரில் போனால் பள்ளி வாசலில் நிறுத்த இடம் கிடைக்காது, சில தெருக்களில் அந்த நேரத்தில் காரையே விட மாட்டார்கள். சைக்கிளில் எனக்கு என் மகளைப் பள்ளியில் இறக்கி, பையை மாட்டிவிட்டு, முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்ப எட்டு நிமிடம் கூடியது. காரில் இருபதுக்குக் குறைந்ததே இல்லை. பின்னால் மாட்டும் குழந்தை இருக்கை பெரும்பாலும் 22 கிலோ வரை தாங்கும், வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் அவனே ஓட்டவும் தொடங்கிவிடுவான். வலது பக்கமாகப் போகும் நாடு என்பதால் அவனை உங்களுக்கு வலப்புறம் வைத்துக்கொண்டு, நீங்கள் வண்டிகள் வரும் பக்கம் ஓட்டுங்கள். பத்துப் பதினோரு வயதில் பள்ளியிலேயே சைக்கிளுக்குப் போக்குவரத்துத் தேர்வு வைப்பார்கள்.

ப்ளஸ் டூவுக்குப் பிறகு ஓட்டவில்லை என்று தயங்கியிருக்கிறீர்கள். உடம்பு மறக்காது, ஆனால் இங்கத்திய சைக்கிளில் ஒரு வித்தியாசம் உண்டு. பல வண்டிகளில் கை பிரேக் இருக்காது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பிரேக். நாம் ஓட்டும்போது பெடலைச் சும்மா பின்னால் சுற்றுவோம் இல்லையா, அப்படிச் சுற்றினால் வண்டி சட்டென்று நின்றுவிடும். வெறிச்சோடிய மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள். பாதையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாகப் போட்டிருக்கும். கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். எந்தக் குறியும் இல்லாத சந்தியில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. திரும்பும்போது கை காட்டுங்கள். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் போகக் கூடாது. ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 2019 ஜூலையிலிருந்து அபராதம்.

எனக்கு ஊர் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு அங்கே பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் ஒருத்தி. கைக்குழந்தையாக இருந்த என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் பழகப் போனதாகச் சொல்வார். "பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரமெல்லாம் என் நேரமாச்சுடி" என்று இப்போதும் சொல்வார். காரை விற்ற அன்று அம்மாவிடம்தான் முதலில் ஃபோனில் சொன்னேன்.

வாங்குவதைப் பற்றி: முதல் சைக்கிளைப் புதிதாக வாங்காதீர்கள். கடையிலேயே ரசீதோடு விற்கும் பழைய வண்டி 150, 200 யூரோவுக்குக் கிடைக்கும். தெருவில் ஒருவர் மலிவாகக் கொடுத்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம். பூட்டு இரண்டு வேண்டும்: பின்சக்கரத்தோடு இருக்கும் வளையப் பூட்டு, கம்பியோடு சேர்த்துக் கட்டத் தடித்த சங்கிலி. வளையப் பூட்டை மட்டும் நம்பி நகர மையத்தில் ஒரு சாயங்காலம் வண்டியை இழந்திருக்கிறேன். தேர்ந்தெடுக்கக் குழப்பமாக இருந்தால் மாத வாடகைக்குச் சைக்கிள் தரும் ஸ்வாப்ஃபீட்ஸ் நிறுவனத்தில் மூன்று மாதத்துக்குச் சந்தா எடுக்கலாம். முன்சக்கர டயர் நீலமாக இருக்கும், தெருவெங்கும் பார்ப்பீர்கள். பழுதானால் அவர்களே சரிசெய்வார்கள் அல்லது வேறு வண்டி கொடுப்பார்கள்.

வேலைக்குச் சேரும்போது பயணப்படி பற்றிக் கேளுங்கள். 2024-இலிருந்து முதலாளி கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை வரியில்லாமல் கொடுக்கலாம், சைக்கிளில் போனாலும்தான். உங்களுக்குப் போக வர 14 கிலோமீட்டர், ஒரு நாளுக்கு 3.22 யூரோ. ஒரு வருடத்துக்குள் சைக்கிள் விலையைத் திருப்பிவிடும்.

வீடு மாறினால் என் பதிலும் மாறும். பத்து கிலோமீட்டர் வரை சாதாரணச் சைக்கிள் சரி. அதற்கு மேல் 15, 16 கிலோமீட்டர் தூரம் வரை மின்சைக்கிள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை அதன் மோட்டார் உதவும். டென் போஸ் மாதிரி வேறு ஊரில் வீடு எடுத்தால் ரயிலும் சைக்கிளும் சேர்ந்ததுதான் நல்லது. ரயில் இருபது நிமிடம், ஐண்ட்ஹோவன் நிலையத்தில் இன்னொரு பழைய சைக்கிளை வைத்துக்கொண்டு அங்கிருந்து போகலாம். முழுச் சைக்கிளை நெரிசல் நேரத்தில் ரயிலில் ஏற்ற விட மாட்டார்கள், மடக்குகிற சைக்கிள் என்றால் எப்போதும் இலவசம். ரயிலோ நேரடிப் பஸ்ஸோ இல்லாத கிராமத்தில் வீடு என்றால் மட்டும் காரைத் தள்ளிப்போடாதீர்கள்.

கார் வாங்காவிட்டாலும் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் இங்கே நகராட்சியில் குடியிருப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து நம் இந்திய ஓட்டுநர் உரிமம் 185 நாள்தான் செல்லும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வரும் திறன்மிக்க ஊழியர்களுக்கான 30 சதவீத வரிச் சலுகை உங்களுக்குக் கிடைத்தால் தேர்வு எழுதாமலே டச்சு உரிமமாக மாற்றித் தருவார்கள், கூட இருக்கும் கணவருக்கும் சேர்த்து. சலுகைக் கடிதம் கையில் வந்ததும் நகராட்சியில் விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு தேர்வு என்று வந்தால் பணமும் மாதங்களும் போகும்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகம் வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வழி பழகட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு மகனையும் ஏற்றிக்கொண்டு மறுபடி போங்கள். கதவைப் பூட்டும்போது மணி பாருங்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் மறுபடி பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு காரைப் பற்றிப் பேசலாம்.