1990களின் ப்ளாப்பி டிஸ்க்குகளில் வைரஸ் இருந்தால் இப்போது என்ன செய்வது?

கேட்டவர் சொன்னது இது: அப்பா சோமனூரில் தறி ஓட்டியவர். அவர் மறைந்த பிறகு பீரோவில் முப்பது ப்ளாப்பிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டின் மேல் அவரே சிவப்பு மையில் "வைரஸ்" என்று எழுதியிருக்கிறார். லேப்டாப்பில் போட்டால் கெட்டுவிடுமா, எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். அந்தச் சிவப்பு மை ப்ளாப்பிகளில்தான் முதலில் கைவைக்க வேண்டும் என்பேன்.

1993 முதல் ஆறு வருடம் திருப்பூரில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். பனியன் கம்பெனிக்காரர்கள், தறிக்காரர்கள், ஜவுளிக்காரர்கள் எல்லாருடைய ப்ளாப்பியும் எங்கள் டிரைவுக்குள் போய் வந்தது. வைரஸ் பரவ எங்கள் ஊரில் பெரிய துணை கரண்ட் கட்டுதான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் சுவிட்ச் அழுத்தியபடியே நிற்கும். கரண்ட் போகும், டீ குடிக்கப் போவோம். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே துவங்கும். 'ஏ' டிரைவில் யாரோ விட்டுப்போன ப்ளாப்பி இருந்தால் முதலில் அதைத்தான் படிக்கும். "இது சிஸ்டம் டிஸ்க் அல்ல" என்று திரையில் வரும்போது காரியம் முடிந்திருக்கும். அந்தச் செய்தியைக் காட்டுவதே ப்ளாப்பியின் முதல் செக்டாரில் (செக்டார் என்பது டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னத் துண்டு) உள்ள சின்ன நிரல்தான். கம்ப்யூட்டர் துவங்கும்போதே ஓடுகிற பூட் வைரஸ் உட்கார்வதும் அங்கேதான். அது ஓடியதும் ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஏறிக்கொள்ளும். அதன்பின் அந்தக் கம்ப்யூட்டரில் போடுகிற, எழுதத் தடை போட்டுப் பூட்டாத ப்ளாப்பிக்கெல்லாம் ஒட்டும்.

"டிர் கொடுத்தாலே வைரஸ் வந்துடும்" என்ற பயம் அப்போது எல்லாரிடமும் இருந்தது. டிர் என்பது டிஸ்க்கில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை. பயத்தின் திசைதான் மாறிப்போனது. கெட்ட கம்ப்யூட்டரில் நல்ல ப்ளாப்பியைப் போட்டு டிர் கொடுத்தால் ப்ளாப்பி கெடும். நல்ல கம்ப்யூட்டரில் கெட்ட ப்ளாப்பியைப் போட்டுப் பட்டியல் பார்ப்பதால் பூட் வைரஸ் ஓடாது.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 1.44 எம்பி ப்ளாப்பியில் 2,880 செக்டார்கள், ஒவ்வொன்றும் 512 பைட். ஸ்டோன்டு என்கிற 1987ஆம் ஆண்டு வைரஸ் பிடித்துக்கொள்வது இரண்டே செக்டார்: தனக்கு ஒன்று, தான் கிளப்பிவிட்ட பழைய முதல் செக்டாரை ஒளித்துவைக்க ஒன்று. மீதி அத்தனையும் உங்கள் அப்பாவுடைய கணக்கு.

இது எனக்கு அப்போது புரியாமல் போனது. 1995இல் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தறிக்காரர் மஞ்சப்பையில் பதினோரு ப்ளாப்பி கொண்டுவந்தார். பாவு நூல் வரவு, துணி கொடுத்தது, ஆட்களுக்குக் கூலி என்று இரண்டு வருடக் கணக்கு. ஸ்கேன் ப்ளாப்பி போட்டுப் பார்த்தால் பதினொன்றிலும் வைரஸ். "ஏனுங் தம்பி, செரி பண்ணிப் போடலாமுங்களா?" என்று கேட்டார். பண்ணலாமுங்க என்று சொல்லி எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்தேன். அதுவும் பழையதை மீட்க முடியாதபடி அழிக்கும் '/யு' சேர்த்து. அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அன்ஃபார்மேட் கொடுத்தாவது மீட்டிருக்கலாம். சுத்தமான, பூட்டிய ப்ளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கி, காப்பி கட்டளையால் கோப்புகளை மட்டும் ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்திருந்தால் போதும். காப்பி கோப்பை மட்டும் எடுக்கும், முதல் செக்டாரைத் தொடாது. டிஸ்க்காப்பி என்ற கட்டளைதான் வைரஸையும் சேர்த்து அச்சுப்போல எடுக்கும். விஷயம் தெரிந்ததும் அவர் "செரிங் தம்பி" என்று மட்டும் சொல்லி மஞ்சப்பையைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் ப்ளாப்பியின் மூலையில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளி, ஓட்டை வழியாக வெளிச்சம் தெரியும்படி வையுங்கள். இனி அதில் எதுவும் எழுத முடியாது. (ஐந்தேகால் அங்குல ப்ளாப்பியில் இது நேர்மாறு, வெட்டுப் பள்ளத்தில் ஸ்டிக்கர் ஒட்டி மூட வேண்டும். அந்த அளவுக்கு யுஎஸ்பி ப்ளாப்பி டிரைவ் உதவாது.) அடுத்து தகரக் கதவை நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட்டில் அழுக்கு ஒட்டும், அடுத்து வரும் ப்ளாப்பியையும் கீறும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். முப்பது வருடம் பழைய ப்ளாப்பிக்கு வைரஸை விடப் பூஞ்சைதான் பெரிய எதிரி.

யுஎஸ்பி ப்ளாப்பி டிரைவை லேப்டாப் துவங்கிய பிறகு செருகுங்கள். கோப்புகளைத் திறக்க அவசரப்படாமல், முழு ப்ளாப்பியையும் ஒரே பிம்பக் கோப்பாக (ப்ளாப்பியின் அச்சு நகல்) எடுங்கள். லினக்ஸில் 'டிடி' கட்டளை போதும், படிக்க முரண்டு பிடித்தால் 'டிடிரெஸ்க்யூ'. சரியாக வந்தால் கோப்பின் அளவு 14,74,560 பைட் இருக்கும். அதன் பிறகு ப்ளாப்பியைத் தொட வேண்டியதில்லை, எல்லா வேலையும் பிம்பத்தில்தான். கிளாம்ஏவி போன்ற வைரஸ் தடுப்பு நிரல் ஒன்றால் சோதித்து, படிக்க மட்டும் என்ற முறையில் திறந்து, கோப்புகளை வெளியே எடுங்கள்.

பட்டியலில் சில கோப்புகள் காணாமல் போனது போலத் தெரிந்தால் மனம் விடாதீர்கள். ஸ்டோன்டு 360 கேபி ப்ளாப்பியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பெரிய ப்ளாப்பியில் அது பழைய செக்டாரை ஒளிக்கும் இடம் கோப்புப் பெயர்ப் பட்டியலின் நடுவில் விழும். பெயர் அழியும், உள்ளிருக்கும் எழுத்து அழியாது. ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரலைப் பிம்பத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள்.

பூட் வைரஸுக்கு இன்றைய லேப்டாப்பில் வேலையில்லை. 64 பிட் விண்டோஸ், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் நிரல்களை ஓட்டவே ஓட்டாது. கவனம் வேண்டியது இரண்டு இடத்தில். 1995க்குப் பிந்தைய வேர்டு கோப்புகளில் மேக்ரோ வைரஸ் (கோப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி நிரலில் ஒளிந்து வருவது) இருக்கலாம். இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸில் மேக்ரோவை முடக்கிவிட்டுத் திறங்கள். இன்னொன்று, அப்பா வைத்திருந்த கணக்கு நிரலை, டாஸ் நிரல்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் போட்டுப் பார்க்க ஆசை வரும். அப்போது உங்கள் சொந்தக் கோப்புறை எதையும் அதற்குக் காட்டாதீர்கள். நகல்கள் மட்டும் இருக்கும் தனிக் கோப்புறையைக் கொடுங்கள். நிரல் கோப்பில் ஒட்டும் ஜெருசலேம் போன்ற வைரஸ் அங்கே உயிரோடு எழுந்து, அதன்பின் நீங்கள் ஓட்டுகிற டாஸ் நிரல்களில் எல்லாம் ஒட்டும்.

கணக்குகள் பெரும்பாலும் டிபிஎஃப் (டிபேஸ் தரவுக் கோப்பு) அல்லது லோட்டஸ் விரிதாளின் டபிள்யூகே1 கோப்புகளாக இருக்கும், இரண்டையும் லிப்ரே ஆபீஸே திறக்கும். தமிழில் அடித்த கடிதம் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அதை வைரஸ் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றினால் அப்பா எழுதியது அப்படியே வரும்.