விண்டோ ஒன்று போதும், பட்டியல் ஒன்று போதாது

வணக்கம். ஈமாக்ஸ் எடிட்டரில் சி புரோகிராம் எழுதுகிறேன். திரையில் மூன்று விண்டோக்கள்: நான் எழுதும் கோப்பு, அதன் டெஸ்ட், பார்த்துக்கொள்வதற்கு ஒரு ஹெடர் (அறிவிப்புகள் உள்ள கோப்பு). கம்பைல் கொடுத்தால் எரர் பட்டியல் ஹெடர் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப்பில் வேறு தொல்லை. ஒரு தேடலின் முடிவுகளைப் பாதி பார்த்திருக்கும்போது இன்னொன்றைத் தேடினால் முதல் பட்டியல் போய்விடுகிறது. வெளியீட்டு விண்டோவை எடிட்டர் எப்போது திரும்பப் பயன்படுத்தலாம், எப்போது கூடாது?

க.

அன்புள்ள க.,

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ஹெடர் விஷயம் இடத்தைப் பற்றியது, கிரெப் விஷயம் அந்த இடத்தில் தெரியும் எழுத்தைப் பற்றியது. ஈமாக்ஸில் விண்டோ வேறு, பஃபர் வேறு: விண்டோ திரையில் ஒரு பகுதி, பஃபர் அதில் தெரியும் எழுத்து. விண்டோவை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. பஃபரை அழித்து எழுதுவதில்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் ஹெடர். எரர் பஃபர் ஏற்கெனவே எங்காவது தெரிந்தால் ஈமாக்ஸ் அந்த விண்டோவையே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒன்றைப் பிளக்கப் பார்க்கும். அதற்கு 80 வரி உயரமோ 160 எழுத்து அகலமோ வேண்டும். மூன்றாகப் பிரித்த லேப்டாப் திரையில் அது எங்கே கிடைக்கும்? கடைசியில், நீங்கள் அதிக நேரம் தொடாத விண்டோ எது என்று தேடும். ஹெடரை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள், கர்சரை அங்கே கொண்டுபோவதில்லை. ஆகவே ஈமாக்ஸின் கணக்கில் அது சும்மா கிடக்கிறது. பார்ப்பதும் பயன்படுத்துவதுதான் என்பது அந்தக் கணக்கில் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. 2012இல் வந்த ஈமாக்ஸ் 24 முதல், எந்தப் பஃபர் எங்கே தெரிய வேண்டும் என்று டிஸ்ப்ளே-பஃபர்-அலிஸ்ட் என்ற அமைப்பில் நாமே விதி எழுதலாம். கம்பைல், கிரெப், ஹெல்ப் மூன்றையும் கீழ்ப்பக்க சைட் விண்டோவில் (திரை ஓரத்து விண்டோ) ஒரே ஸ்லாட்டுக்கு அனுப்புங்கள். மூன்றும் ஒரே இடத்தில் மாறி மாறித் தெரியும். ஹெடர் தப்பிக்கும்.

இனி எழுத்து. கம்பைல் வெளியீட்டை அழிப்பது சரிதான். கோப்பைத் திருத்தியபின் பழைய எரர்களின் வரி எண்கள் நகர்ந்திருக்கும், வைத்திருந்தால் குழப்பமே மிஞ்சும். கிரெப் அப்படியில்லை. ஒவ்வொரு தேடலும் தனிக் கேள்வி. இரண்டாவதைக் கேட்டதால் முதலாவதன் பதில் பொய்யாகிவிடாது. விம் எடிட்டர் இதை அழகாகச் செய்கிறது. பட்டியலைக் காட்டும் குயிக்ஃபிக்ஸ் விண்டோ ஒன்றுதான், ஆனால் வழக்கமாகக் கடைசி 10 பட்டியல்களை வைத்திருக்கும். கோல்டர் கட்டளை கொடுத்தால் முந்தையது திரும்ப வரும். பிளான் 9 ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக ராப் பைக் எழுதிய ஆக்மி எடிட்டர் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு எரர்ஸ் விண்டோ, வெளியீடெல்லாம் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும். எதுவும் தொலையாது என்றாலும், எது எங்கே தொடங்கியது என்று மேலும் கீழும் தேட வேண்டியிருக்கும். எனக்கு விம்மின் வழிதான் பிடிக்கும்.

ஈமாக்ஸின் ஹெல்ப் விண்டோவிலும் 'எல்' அழுத்தினால் முந்தைய பக்கம் வருகிறது. கிரெப்புக்கு அது இல்லை. அது வரும்வரை, தொலையக் கூடாத பட்டியலில் பஃபரின் பெயரை மாற்றும் ரீநேம்-யுனீக்லி கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தேடல் புதிய பஃபருக்குப் போகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தத் தேடலைக் கோப்பு விண்டோவில் இருந்தே கொடுக்க வேண்டும். கர்சர் பழைய பட்டியலுக்குள் இருந்தால், பெயர் மாற்றியிருந்தாலும் ஈமாக்ஸ் அதன்மேலேயே எழுதிவிடும்.