'எங்கள் மூச்சு' என்று எழுதலாமா?

கேள்வி: அமெரிக்காவில் 2020-ல் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை அழுத்தி, 'மூச்சுவிட முடியவில்லை' என்று சொல்லியபடியே இறந்த கறுப்பர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கடைசி நிமிடங்களை வீடியோவில் பார்த்தபின் 'எங்கள் மூச்சு' என்று ஒரு கவிதை எழுதினேன். கல்லூரி விழாவில் வாசித்தபோது ஒரு சீனியர், "உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கவிதை எழுதி என்ன கிழிச்சிடப் போற?" என்றார். எழுதுவதை விட்டுவிடலாமா?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: விடாதீர்கள். ஆனால் சீனியர் கேட்டதில் முதல் பாதி நல்ல கேள்விதான், கேட்ட தோரணைதான் சரியில்லை.

ஏபெல் மீரோபோல் என்று ஒருவர். நியூயார்க் பிராங்க்ஸில் பள்ளி ஆசிரியர், யூதர், கறுப்பர் இல்லை. ஒரு புகைப்படம் நாள்கணக்கில் தன்னை விடாமல் துரத்தியதாகப் பின்னாளில் சொன்னார். 1930 ஆகஸ்டில் இண்டியானாவின் மேரியன் ஊரில் இரண்டு கறுப்பின இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்துவந்து, கொன்று, மரத்தில் தொங்கவிட்டார்களே, அந்தப் படம்தான் என்பார்கள். மனசு தாங்கும் என்றால் தேடிப் பாருங்கள். எனக்கு அந்த உடல்களைவிடக் கீழே நிற்கும் கூட்டத்தைத்தான் பார்க்க முடிவதில்லை. திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள், ஓர் ஆள் விரலை நீட்டி மேலே காட்டுகிறார்.

மீரோபோல் எழுதியது 12 வரிதான். 1937-ல் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் வந்தது. அதில் 'நான்' கிடையாது, 'நாங்கள்' கிடையாது, கொன்றவர்களைத் திட்டி ஒரு வார்த்தை கிடையாது. மரம், இலை, வேர், மக்னோலியா பூவின் வாசம், அதற்கு நடுவில் திடீரென்று எரியும் சதையின் நாற்றம், கொத்த வரும் காக்கை, அவ்வளவுதான். அப்புறம் அவரே மெட்டுப் போட்டார். 1939-ல் கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே ஒரு கிளப்பில் அதைக் கடைசிப் பாட்டாகப் பாடும்போது சர்வர்கள் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், விளக்கெல்லாம் அணைந்து அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம் இருக்கும். 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' (விசித்திரமான பழம்) அதுதான், பழம் என்றது மரத்தில் தொங்கும் உடல்களை.

கிளாட் மெக்கே கதை வேறு. ஜமைக்காவில் பிறந்த கறுப்பினக் கவிஞர், 1919-ல் அமெரிக்க ரயிலின் உணவுப் பெட்டியில் சர்வர். ஊர் ஊராக இனக்கலவரம் வெடித்த வருஷம், சிகாகோவில் மட்டும் 38 பேர் செத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து தங்குமிடத்துக்குக்கூட அந்த ஊழியர்கள் கும்பலாகத்தான் போனார்கள், சிலர் ஆயுதத்தோடு. சாகத்தான் வேண்டுமென்றால் பன்றிகளைப் போலச் சாக வேண்டாம் என்று தொடங்கும் அவருடைய கவிதை முழுக்க 'நாம்'தான். கூட வேலை பார்த்தவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, பொறுப்பில்லாமல் திரிந்த ஒரு சர்வர்கூட அழுதுவிட்டாராம். அந்த 'நாம்' மெக்கேவுக்கு உரியது, அடுத்த ஸ்டேஷனில் அவரும் இறங்கியாக வேண்டுமே.

உங்கள் கவிதையில் இடிப்பது அந்த 'எங்கள்'. போனில் பார்த்தவர் நீங்கள், பார்த்தவராகவே எழுதுங்கள். ஃபிளாய்ட் அம்மாவைக் கூப்பிட்டதை, சுற்றி நின்றவர்கள் கெஞ்சியதை, வீடியோ முடிந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை.

சரி, என்ன கிழிக்கும்? இப்படிக் கும்பல் சேர்ந்து கொல்வதை வெறுப்புக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் 2022-ல்தான் வந்தது, மீரோபோல் கவிதை அச்சாகி 85 வருஷம் கழித்து. கவிதையால் வந்தது என்று புளுக மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டு பிரபலமானபின், அதை எழுத கம்யூனிஸ்ட் கட்சி காசு கொடுத்ததா என்று அவரை விசாரணைக் குழு முன் நிறுத்திக் கேட்டார்கள். ஒன்றும் கிழிக்காத பாட்டுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?