சாட்சி சொல்ல உயிரைக் கொடுக்க வேண்டுமா?

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு டெங்கு வந்து சுகமானதைப் பற்றி வருகிற ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் மூப்பர் ஒருவர், 'வேதாகமத்தில் சாட்சிக்கு வரும் கிரேக்கச் சொல்லின் அர்த்தமே விசுவாசத்துக்காகச் சாவதுதான், காய்ச்சல் மாறினதெல்லாம் சாட்சி இல்லை' என்கிறார். உண்மையா? நான் என்ன சொல்லட்டும்?"

தம்பி, பயப்படாமல் போய்ச் சொல்லுங்கள். மூப்பர் சொல்வது அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள்.

சாட்சி சொல்லும் ஆள் கிரேக்கத்தில் 'மார்த்துஸ்', அவர் சொல்லும் சாட்சி 'மார்த்துரியா'. தமிழில் இரண்டுக்கும் 'சாட்சி' என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பத்தில் பாதி அங்கேதான். கோவில் சொல்லாவதற்கு வெகுகாலம் முன்பே இது வழக்காடும் இடத்துச் சொல். திருகோணமலைக் கோர்ட்டில் சாட்சிக்கூண்டில் ஏறின யாரையாவது கேட்டுப் பாருங்கள். "நீங்கள் கண்ணால கண்டனீங்களா, ஆரும் சொல்லிக் கேட்டனீங்களா?" என்றுதான் சட்டத்தரணி பிடிப்பார். மார்த்துரியாவும் அந்த இடத்துச் சரக்குத்தான். மாற்கு 14ஆம் அதிகாரத்தில் இயேசுவுக்கு எதிராகப் பலர் பொய்ச்சாட்சி சொல்கிறார்கள், ஆனால் அந்தச் சாட்சிகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. இரண்டு மூன்று பேருடைய வாயினால் காரியம் நிலைவரப்பட வேண்டும் என்பது உபாகமம் 19:15 சொல்லும் சட்டம், அதனால் இந்த முரண்பாடு பெரிய விஷயம்.

புதிய ஏற்பாட்டில் மார்த்துரியா 37 இடங்களில் வருகிறது. அதில் 30 யோவானின் பெயரால் வழங்கும் நூல்களில். மிச்சம் ஏழில் இரண்டை மூப்பருக்குக் காட்டுங்கள். 1 தீமோத்தேயு 3:7இல், சபையை மேற்பார்க்கும் கண்காணியாக இருப்பவன் 'புறம்பானவர்களால் நற்சாட்சி' பெற்றிருக்க வேண்டும். ஊரில் நல்ல பெயர் வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். தீத்து 1:13 இன்னும் வேடிக்கை. கிரேத்தா தீவார் ஓயாப் பொய்யர், பெருவயிற்றுச் சோம்பேறிகள் என்று அவர்களில் ஒருவரே சொன்னதை எடுத்துப் போட்டுவிட்டு, 'இந்தச் சாட்சி உண்மையாயிருக்கிறது' என்கிறது. இங்கே யார் செத்தார்கள்?

சரி, சாவு எங்கிருந்து வந்தது? சாட்சி சொன்னதற்காகக் கொன்றார்கள், அதிலிருந்து வந்தது. அப்போஸ்தலர் 22:20இல் ஸ்தேவானும் வெளிப்படுத்தல் 2:13இல் அந்திப்பாவும் மார்த்துஸ் என்று அழைக்கப்படுகிறார்கள். இருவருமே கொல்லப்பட்டவர்கள். ஆனாலும் நம்முடைய வேதாகமம் இரண்டு இடத்திலும் 'சாட்சி' என்றே போடுகிறது, அது சரிதான். 2ஆம் நூற்றாண்டில், ஸ்மிர்னா நகரில் அவ்வூர் ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்ட விவரத்தை எழுதியவர்கள் காலத்தில், சொல் சாவோடு இறுகிவிட்டது. லத்தீனும் ஆங்கிலமும் அந்தப் பொருளோடுதான் அதை வாங்கிக்கொண்டன, ஆங்கிலத்தில் அதுதான் 'martyr'.

தமிழ் இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறது என்பேன். 1544இல் மன்னாரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களைக் கத்தோலிக்கர் 'மறைசாட்சிகள்' என்கிறார்கள். மற்றச் சபைகளில் 'இரத்தசாட்சி' என்பார்கள். சாவைச் சொல்ல முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது, பாருங்கள். வெறும் சாட்சிக்குள் அது இல்லை.

மூப்பரின் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. சாட்சி என்ற பெயரில் கதை அளப்பது அவருக்கு எரிச்சலாக இருக்கலாம், எனக்கும்தான். அதற்கும் கோர்ட் வழியே மருந்து. உங்கள் கடிதத்தில் 'டாக்டர்மாரே கைவிட்டுவிட்டார்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை டாக்டர் உங்களிடம் சொன்னாரா? இரண்டு வரி தள்ளி 'மாமி சொன்னா' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் மாமி சொன்னதாகவே சொல்லுங்கள். பிளேட்லெட் குறைந்த இரவு நீங்கள் வார்டுக்கு வெளியே வாங்கில் இருந்தது, என்ன ஜெபித்தீர்கள், ஐந்தாம் நாள் அம்மா கஞ்சி கேட்டது, இவை நீங்கள் கண்டவை.

ஞாயிறுக்கு முன் யோவான் 9ஐ ஒருமுறை வாசியுங்கள். மார்த்துரியா என்ற சொல் அந்த அதிகாரத்தில் வராது. ஆனால் இயேசுவால் பார்வை பெற்ற பிறவிக் குருடன் ஒருவனைப் பரிசேயர் என்ற யூத மதத் தலைவர்கள் திருப்பித் திருப்பிக் குடைகிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்கிறான். குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்கிறான்.